ஆறு பேர் சேர்ந்து எழுதினால் ஏரி பிழைக்குமா?

வணக்கம். ஏரிக்கரையில் கோழிக் கழிவு கொட்டுவதைப் பற்றி நண்பர்கள் ஆறு பேரும் ஊரார் படிக்கட்டும் என்று ஒரே நாளில் எழுதினீர்கள், ஊரில் ஒருவரும் அசையவில்லை என்கிறீர்கள். வியப்பில்லை. ஆறு பேரும் "ஏரியைக் காப்போம்" என்றே எழுதியிருப்பீர்கள்; அதை மறுப்பவர் யார், படித்துவிட்டுப் பதறுபவர்தான் யார்?

ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு 1994-இல் செய்ததைப் பாருங்கள். அரசு வேலைகளுக்கான கூலிப் பதிவேட்டை ஊர் கூடிய இடத்தில் உரக்க வாசித்தார்கள். வேலைக்கே போகாதவர் பெயரில் கூலி, இறந்தவர் பெயரிலும் கூலி! கேட்டவர்கள் கொதித்தார்கள், வாசிக்கப்பட்டவை அவர்கள் வீட்டுப் பெயர்கள் அல்லவா. 2005-இல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு அங்கேதான் ஒரு வேர்.

நீங்களும் வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவர் 10 ரூபாய்க் கட்டணத்தோடு அந்தச் சட்டப்படி ஊராட்சிக்கு மனுப் போடட்டும்: கழிவை அகற்ற இந்த ஆண்டு எவ்வளவு செலவானது, யாருக்குக் கொடுத்தார்கள்? 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். இன்னொருவர் கொட்டும் வண்டியைத் தேதி, நேரத்தோடு படமெடுக்கட்டும். (வண்டிக்காரரோடு மல்லுக்கு நிற்க வேண்டாம், எங்கள் ஊரில் அப்படித்தான் காரியம் கெட்டது.) கிடைத்ததை ஒரே தாளில் பெரிய எழுத்தில் எழுதி டீக்கடையில் ஒட்டுங்கள். அக்டோபர் 2 கிராம சபையில் அதையே வாசித்துத் தீர்மானம் கேளுங்கள். கவிதை எழுதும் நண்பரை மட்டும் அதுவரை கொஞ்சம் பொறுத்திருக்கச் சொல்லுங்கள்.