கட்டைவிரலும் பழைய செய்யுளும்

அன்புள்ள அக்காவுக்கு,

டிரெஸ்டனில் முதுகலை படிக்கிறேன். பள்ளி நாட்களில் ஊரில் சிலம்பம் கற்றவன். அந்த ஆர்வத்தில் இங்கே பழைய ஜெர்மானிய இருகை வாள் வகுப்பில் சேர்ந்தேன். சமீபத்தில் சண்டைப் பயிற்சியில் கட்டைவிரல் எலும்பில் விரிசல். வாள்கள் மோதியதும் நான் மறுபக்கம் வெட்டப் போனேன், அதற்குள் அடி விழுந்துவிட்டது. மாவுக்கட்டு பிரித்தாயிற்று. ஆனால் வாள் வருவதைப் பார்த்தாலே கை பின்வாங்குகிறது. மூன்று மாதம் சண்டை கிடையாது, மெதுவான பயிற்சி மட்டும்தான் என்கிறார் ஆசிரியர். கூடவே ஏதோ பழைய செய்யுளை மனப்பாடம் செய்யச் சொல்கிறார். யூடியூபில் எல்லாமே இருக்கும்போது அது எதற்கு? வேறொரு குழுவில் உடனே சண்டைக்கு விடுகிறார்களாம். மாறிவிடலாமா? சொந்தமாக வாள் வாங்கினால் எதை வாங்கலாம்? எப்படியும் கனத்த இரும்பை ஓங்கி அடிக்கிற கலைதானே இது, சிலம்பத்தின் நுட்பம் இதில் ஏது?

அன்புள்ள தம்பி,

முதலில் விரலைப் பாருங்கள். பிசியோதெரபிஸ்ட் சொன்ன பயிற்சியை ஒருநாளும் விடாதீர்கள். கை பின்வாங்குவதற்கு வெட்கப்பட வேண்டாம். அடிபட்ட உடம்பு தன்னைக் காத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். மெதுவான பயிற்சியில் அது தானாகவே விலகும்.

கனத்த இரும்பு என்று எழுதியிருக்கிறீர்களே, டிரெஸ்டனில் இருந்துகொண்டு இப்படி எழுதலாமா? அரண்மனையில் இருக்கும் ரூஸ்ட்காமர் ஆயுதக் காட்சியகத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். போருக்கான இருகை வாள் பெரும்பாலும் ஒன்றேகால், ஒன்றரை கிலோதான். சிலம்பமா இதுவா என்ற போட்டிக்கும் நான் வரவில்லை. எந்த வாள் வாங்கலாம் என்பதற்கும் இப்போது அவசரமில்லை, குழுவில் இருக்கும் பயிற்சி வாளே போதும்.

செய்யுள் எதற்கு என்று கேட்டீர்களே, அதற்குத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். சில வாரங்களாக நானும் அதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சிலம்பத்தில் உங்களுக்கு ஒரு ஆசான் இருந்தார், அவருக்கு ஒரு ஆசான் இருந்தார். கை தவறினால் தட்டித் திருத்த ஆள் உண்டு. இருகை வாளுக்கு அந்தச் சங்கிலி அறுந்துபோய்விட்டது. பதினான்காம் நூற்றாண்டில் யோஹானஸ் லீக்டெனாவர் கற்பித்த கலையை 1570இல் ஸ்ட்ராஸ்பூர்க்கின் யோவாக்கிம் மேயர் பெரிய நூலாக அச்சிட்டார். அதன்பின் வாளின் காலமே போயிற்று. இன்று நாம் செய்வதில் பெரும்பகுதி 1990களிலிருந்து ஆர்வலர்கள் ஏடுகளைப் படித்து, ஆளுக்கொரு வாளைப் பிடித்து, தப்பும் தவறுமாக மீட்டெடுத்தது. இங்கே ஆசான் உயிரோடு இல்லை, ஏடுதான் இருக்கிறது. அதையும் வேண்டாம் என்று தள்ளினால் மிச்சம் என்ன? இரண்டு பேர் முகமூடி போட்டுக்கொண்டு ஒருவரையொருவர் அடித்துக்கொள்வதுதான். அதற்குப் பயிற்சிக் கூடம் எதற்கு?

அந்தச் செய்யுள் படித்ததும் புரியாது, அது உண்மைதான். கலை கண்டவர் கையில் சிக்கிவிடக் கூடாது என்று லீக்டெனாவர் மறைபொருளான சொற்களில் எழுதிவைத்தார் என்று உரைகாரர்களே சொல்கிறார்கள். தமிழ் படித்த நமக்கு இது புதிதா என்ன? நூற்பா இரண்டு வரி, அதற்கு இளம்பூரணர் உரை இரண்டு பக்கம். இங்கேயும் அதே கதைதான். பதினைந்தாம் நூற்றாண்டில் ரிங்கெக் போன்றவர்கள் உரை எழுதியதால்தான் நமக்கு வழி தெரிந்தது. அந்த ரிங்கெக் உரையின் ஏடு எங்கே இருக்கிறது தெரியுமா? நீங்கள் தினமும் படிக்கப் போகிற ஊரில், டிரெஸ்டன் நூலகத்தில்! அதன் இணையதளத்திலேயே பக்கம் பக்கமாகப் பார்க்கலாம். நீங்கள் யூடியூபைப் பார்க்கிறீர்கள்.

சரி, உங்கள் விரலுக்கு வருவோம். ட்சோர்ன்ஹாவ் என்கிற சினவெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து உன்னை வெட்டுகிறவனைச் சினவெட்டின் முனை மிரட்டும், அவன் அதை உணர்ந்துகொண்டால் ஆபத்தின்றி மேலே எடுத்துவிடு என்கிறது செய்யுள். அவ்வளவுதான் வரி. உரை விரிக்கிறது: அவன் வெட்டும்போது நீயும் வலத்தோளிலிருந்து வெட்டு. வாள்கள் பிணைந்து நிற்கும். அவன் வாள் தளர்வாக இருந்தால் அப்படியே முனையை முகத்துக்கோ மார்புக்கோ செலுத்து. அவன் உன் முனையை வலுவாகப் பக்கவாட்டில் தள்ளினால் மட்டும் வாளை அவன் வாள்மேலாக உயர்த்தி எடுத்து மறுபக்கம் வெட்டு. அவன் விடாமல் வலுவாக நின்றால் பிணைப்பை விடாமல் கைகளை உயர்த்தி, வாளைத் திருகிக் குத்து.

அந்த ‘மட்டும்’ என்பதில்தான் உங்கள் கட்டைவிரல் இருக்கிறது. அவன் தள்ளினால் அவனுடைய வலு பக்கவாட்டில் போகிறது, நீங்கள் எடுத்ததும் அவன் வாள் வெறும் வெளியில் ஓடும். அவன் தள்ளாமல் இருக்கும்போது எடுத்தால்? அவன் வாள் நேரே உங்களை நோக்கித்தான் நிற்கிறது, தடுக்க எதுவும் இல்லை. முதலில் கிடைப்பது கை. வாள்கள் மோதியதும் மறுபக்கம் வெட்டப் போனேன் என்கிறீர்கள். அவன் தள்ளினானா, தளர்ந்தானா என்று பார்த்தீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள். அதைப் பார்க்க நீங்கள் வேகத்தைக் குறைக்க வேண்டியிருந்திருக்கும்.

உண்மையில் அதைக் கண்ணால் பார்க்கவும் முடியாது. ஃபூலன் என்பார்கள், வாள் வழியாக உணர்வது. நான் கற்ற இடம் ஒரு பள்ளியின் உடற்பயிற்சிக் கூடம். எனக்கு ஜோடியாக வந்தவர் ஓய்வுபெற்ற தச்சர். தோல் கையுறை மட்டும் போட்டுக்கொண்டு இருவரும் வாளைப் பிணைத்து நிற்போம். கண்ணை மூடச் சொல்வார். அவர் அழுத்துவார், விடுவார், மறுபடி கொஞ்சமாக அழுத்துவார். நான் ‘கடினம்’, ‘மென்மை’ என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். வாளின் கைப்பிடியை ஒட்டிய பகுதியில் அழுத்தம் ஒரு மாதிரி வரும், முனைப் பக்கம் வேறு மாதிரி வரும். பல வாரங்கள் வேறு எதுவுமே செய்யவில்லை. எரிச்சலில் எனக்குக் கண்ணீர்கூட வந்திருக்கிறது. அப்புறம் ஒருநாள் அவர் அழுத்தப் போவது, அழுத்தும் முன்பே என் மணிக்கட்டுக்குத் தெரிந்துவிட்டது. அந்த மகிழ்ச்சியை எப்படிச் சொல்ல! எந்தப் போட்டியிலும் எனக்கு அது கிடைக்கவில்லை.

உடனே சண்டைக்கு விடும் குழுவில் என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள்? பெரிய கையுறை மாட்டிவிடுவார்கள். விரலுக்கு அது வேண்டும்தான், இல்லாமல் சண்டைக்குப் போகவே கூடாது. ஆனால் அதற்குள் இருக்கும் கைக்கு வாளின் மெல்லிய அழுத்தம் எதுவும் எட்டாது. முன்பே உணரக் கற்ற கைதான் அந்தத் திணிப்பைத் தாண்டியும் கொஞ்சம் கேட்கும். இத்தாலியின் ஃபியோரே டெ லிபெரி 1410ஐ ஒட்டி எழுதிய நூலில், பஞ்சு வைத்த சட்டையும் மெல்லிய தோல் கையுறையும் மட்டும் போட்டுக் கூர்வாளோடு ஐந்து முறை போரிட்டதாகச் சொல்கிறார். கவசத்தோடு சண்டையிட்டால் பல அடி வாங்கியும் வெல்லலாம், கூர்வாளில் ஒரு தடுப்பு தவறினால் சாவு என்கிறார். இவர்கள் கடைசி நொடி வரை வாளை உணர்ந்துகொண்டே இருந்ததற்குக் காரணம் அதுதான். உங்களுக்கோ கையுறையும் முகமூடியும் இருக்கும் தைரியத்தில் அவசரம்.

உங்கள் ஆசிரியர் மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது. அடுத்த வகுப்பில் அவரிடம் போய், சினவெட்டுக்கு ரிங்கெக் எழுதிய உரையை வரிவரியாக எனக்குக் காட்டுங்கள் என்று கேளுங்கள். ஒரு வரி படித்து, அதை வாளோடு மெதுவாகச் செய்து, பிறகு அடுத்த வரி. ஜோடிக்கு உங்களை அடித்த அதே ஆளைக் கூப்பிடுங்கள். அவருக்கும் அது தேவைப்படும், உங்கள் விரலை உடைத்தவருக்கு இப்போது தூக்கம் வருமா என்ன?

அன்புடன்,
அக்கா