வீட்டுப் பிளக் பொயின்ற்றில் மின்சாரக் கார்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஜப்பானில் பாவித்து இங்கு இறக்குமதியான நிசான் லீஃப் கார் ஒன்றை வாங்கியுள்ளோம். காருடன் வந்த சார்ஜ் வயரின் பிளக் எங்கள் சுவரில் பொருந்தாததால், அதை வெட்டிவிட்டுச் சாதாரண 13 அம்பியர் சதுரமுனைப் பிளக் ஒன்றைப் பூட்டித் தந்தார்கள். ஒரு மாதமாக இரவில் முன்விறாந்தைப் பிளக் பொயின்ற்றில் பூட்டிவிடுகிறோம். காலையில் கழற்றும்போது கைவைக்க முடியாத சூடாக இருக்கிறது. ஒரு முனையைச் சுற்றிப் பிளாஸ்ரிக் பழுப்பாகிவிட்டது. ஆனால் பியூஸ் ஒருநாளும் எரியவில்லை, ட்ரிப் சுவிச்சும் விழவில்லை. தொடர்ந்து பாவிக்கலாமா?
— ஓர் ஆசிரியை, கோண்டாவில்

பதில்: இன்றிரவு அந்தப் பிளக்கைப் பூட்டாதீர்கள். காரணத்தை ஆறுதலாக வாசிக்கலாம், முதலில் இதைச் செய்யுங்கள்.

பியூஸும் ட்ரிப் சுவிச்சும் அமைதியாக இருப்பதால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று எண்ணுவது பலரிடமும் காணப்படும் தவறு. பியூஸ் தன்னூடாகச் செல்லும் மின்னோட்டம் மிகுந்தால் உருகும்; ட்ரிப் சுவிச் மின்சாரம் வெளியே கசிந்தால் விழும். பிளக்கின் முனையும், அதைப் பொயின்ற்றின் உள்ளே கவ்வும் பித்தளைத் தகடும் தளர்வாகத் தொடுகின்ற இடத்தில் பிறக்கும் சூட்டைக் கண்டறிவதற்காக இரண்டும் ஆக்கப்படவில்லை. அந்த இடத்தின் தடை பத்தில் ஒரு ஓம் மட்டுமே என்று வைத்துக்கொண்டாலும், 10 அம்பியர் செல்லும்போது அங்கு 10 வாற்று வெப்பம் உண்டாகும். 15 அம்பியர் செல்லும்போது, வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கேற்பக் கூடுவதால், அது 22.5 வாற்றாகும். ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் சிறிய கருவியின் வெப்பம் ஏறக்குறைய இவ்வளவுதான். கேத்தில் இதே பொயின்ற்றில் ஐந்து நிமிடம் வேலை செய்து ஓய்ந்துவிடும். மின்னழுத்தி விட்டுவிட்டுச் சூடாகும். காரோ எட்டு மணிநேரம், பத்து மணிநேரம் இடைவிடாது இழுக்கும். அதனால்தான் இருபது வருடமாகக் குறை சொல்லாத ஒரு பொயின்ற் காரைக் கண்டதும் ஒரே மாதத்தில் கருகத் தொடங்குகிறது.

உங்கள் வீட்டில் இன்னொரு தவறும் நடந்திருக்கிறது. வயரின் நடுவிலுள்ள பெட்டி வெறும் இணைப்பான் அல்ல. தன்னிடமிருந்து எத்தனை அம்பியர் வரை எடுக்கலாம் என்று காருக்கு அறிவிப்பது அதுதான். கார் அந்த அளவுக்குக் கட்டுப்பட்டே இழுக்கும். ஜப்பானிய லீஃப்களுடன் வந்த வயர்கள் பொதுவாக 200 வோல்ற்று, 15 அம்பியருக்கு ஆனவை. பெட்டியின் பின்புறத் தகட்டில் அப்படி இருந்தால், நுனியிலுள்ள பிளக்கை மாற்றியது பெட்டிக்குத் தெரியாது. அது பழையபடி 15 அம்பியரையே காருக்கு அறிவித்துக்கொண்டிருக்கும். 13 அம்பியருக்குச் செய்த பிளக் இரவு முழுவதும் 15 அம்பியரைச் சுமக்கிறது. பியூஸ் ஒருநாளும் எரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். 13 அம்பியர் பியூஸ் 15 அம்பியரில் எரியாது; 20 அம்பியரைக்கூட நெடுநேரம் தாங்கும் வகையிலேயே அது ஆக்கப்படுகிறது. அத்துடன், இங்குள்ள 230 வோல்ற்று அந்தப் பெட்டியின் உள்ளுறுப்புகளுக்கு ஏற்றதா என்பதும் தகட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும். 100 வோல்ற்று என்று மட்டும் இருக்கும் வயரை இந்நாட்டில் எவ்வகையிலும் பாவிக்க முடியாது.

செய்ய வேண்டியவை இரண்டு. ஒன்று, 230 வோல்ற்றுக்கென ஆக்கப்பட்டதும், சதுரமுனைப் பிளக் தொழிற்சாலையிலேயே வார்க்கப்பட்டதும், 8 அல்லது 10 அம்பியரில் நிறுத்தக்கூடியதுமான வயரை வாங்குங்கள். சார்ஜ் வயர் வந்து பொருந்தும் லீஃபின் வாய் ஐந்து முனைகள் கொண்ட முதலாம் வகை. புதிதாக வரும் கார்கள் பலவற்றில் இருப்பது ஏழு முனைகள் கொண்ட இரண்டாம் வகை. இதைப் பார்த்தே வாங்க வேண்டும். மற்றது, விறாந்தைப் பொயின்ற்றை மறந்துவிட்டு, பிரதான பலகையிலிருந்து காருக்கென்றே தனியாக ஒரு வயரை இழுப்பியுங்கள். வீடுகளில் பொயின்ற்றுகளுக்கு வழமையாக இழுப்பது 7/.67 வயர், அதாவது 2.5 சதுர மில்லிமீற்றர். காருக்கு 7/.85 வயரைக் கேளுங்கள். அது 4 சதுர மில்லிமீற்றர், விலை வித்தியாசம் பெரிதல்ல, சூடும் அழுத்த வீழ்ச்சியும் குறையும். அந்த வயருக்கெனத் தனி பிறேக்கர், தனியாக 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச், அதன் முடிவில் புதிய 13 அம்பியர் பொயின்ற் ஒன்றே ஒன்று. குளிர்சாதனப் பெட்டியோ கிணற்று மோட்டரோ அதில் சேரக்கூடாது. ட்ரிப் சுவிச் ‘ஏ’ வகையாக இருக்கட்டும்; கடைகளில் மலிவாகக் கிடைக்கும் ‘ஏசி’ வகை, காரின் மின்னணுச் சுற்றிலிருந்து வரக்கூடிய நேரோட்டம் கலந்த கசிவைச் சரியாக உணராது.

புதிய பொயின்ற்றில் பூட்டிய முதல்நாள், ஒரு மணிநேரம் கழித்துப் பிளக்கின் முகத்தில் கைவைத்துப் பாருங்கள். இளஞ்சூடு இயல்பு. கையை எடுக்க வைக்கும் சூடு இருந்தால் உடனே நிறுத்தி, உள்ளே திருகாணிகள் இறுக்கமாக உள்ளனவா என்று பார்ப்பியுங்கள். கடலோரக் காற்றுப் படும் வீடுகளில் பித்தளையில் பச்சை படியும். அங்கு இந்தச் சோதனையை மாதாமாதம் செய்வது நல்லது.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் பல வீடுகள் 1990க்கு முன்னர் வயரிங் செய்யப்பட்டு, இடப்பெயர்வினால் வருடக்கணக்கில் பூட்டிக்கிடந்து, கூரை ஒழுக்கில் நனைந்து, பின்னர் திருத்தி மீண்டும் இணைக்கப்பட்டவை. சுவருக்கு வெள்ளையடித்த பலர் சுவருக்குள் இருக்கும் வயரை மாற்றவில்லை. அவ்வாறான வீட்டில் காரை வாங்குவதற்கு முன்பே ஒரு மின்னிணைப்பாளரைக் கூப்பிட்டு, வயர்களின் காப்புத் தடையை, அதாவது வயரின் உறை மின்சாரத்தைக் கசியவிடாமல் தடுக்கும் திறனை, அளப்பித்துவிடுங்கள்.

கேள்வி: மாரியில் எங்கள் கார் ஒழுங்காகச் சார்ஜ் ஏறியது. ஆனி, ஆடி வந்ததும் வயர்ப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்து, ஏர்த் இல்லை என்று காட்டி நின்றுவிடுகிறது. பொயின்ற்றுக்குள் ஏர்த் முனையை நியூட்ரலுடன் ஒரு துண்டு வயரால் இணைத்தால் வேலை செய்யும் என்று ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?
— ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், புன்னாலைக்கட்டுவன்

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். நியூட்ரல் வயர் எங்காவது அறுந்தாலோ கழன்றாலோ, அந்தத் துண்டு வயரின் வழியாகக் காரின் உடல் முழுவதும் 230 வோல்ற்றில் நிற்கும். காலையில் கதவைத் திறக்கக் கைவைப்பவர் ஈரத்தரையில் வெறுங்காலுடன் நிற்கலாம். அப்படி இணைத்தால் ட்ரிப் சுவிச்சும் அடிக்கடி விழும். அதற்கு மருந்தாக அதையும் கழற்றிவிடச் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். ஒரு பாதுகாப்பை ஏமாற்றப் போய் இரண்டையும் இழந்துவிடுவீர்கள்.

உங்கள் பெட்டி பொய் சொல்லவில்லை. இங்கு வீடுகளுக்கான ஏர்த் மின்கம்பத்திலிருந்து வருவதில்லை. ஒவ்வொரு வீட்டாரும் தம் வளவுக்குள் இறக்கிய செப்புக் கோல்தான் அந்த வீட்டுக்கு ஏர்த். உங்கள் பகுதியில் செம்மண் மேலே சில அடிகளுக்கு மட்டுமே இருக்கும், கீழே சுண்ணாம்புக்கல். கோலை அடித்தவர் கல்லில் முட்டியதும் நிறுத்தியிருப்பார். மாரியில் மண் நனைந்திருக்கும்போது அந்தக் குறைந்த ஆழமும் போதுமாக இருந்திருக்கிறது. கோடையில் மேல்மண் காய்ந்ததும் தடை ஏறிவிட, பெட்டி ஏர்த்தைக் காணவில்லை என்கிறது.

தீர்வு மண்ணில்தான் இருக்கிறது. ஒரு கோலுக்குப் பதிலாக இரண்டு மூன்று கோல்களை, ஒவ்வொன்றுக்கும் இடையில் கோலின் நீளத்துக்குக் குறையாத தூரம் விட்டு இறக்கி, செப்புக் கம்பியால் ஒன்றோடொன்று இணைப்பியுங்கள். இடத்தைத் தெரிவதற்கு என் ஆலோசனை, கிணற்றடித் தண்ணீர் வழிந்தோடிப் போய்ச் சேரும் வாழைப்பாத்தி. வருடம் முழுவதும் ஈரமாக இருக்கும் மண் உங்கள் வளவில் அதுவாகத்தான் இருக்கும். குளிப்பவர்கள் நிற்கும் இடத்திலிருந்து கோல் தள்ளியிருக்க வேண்டும். வேலை முடிந்ததும் ஏர்த் தடையைக் கருவியால் அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். அடுத்த ஆடியில் மீண்டும் அளப்பியுங்கள். மாரியில் அளந்த அளவை மட்டும் வைத்துத் திருப்தி அடைய வேண்டாம்.

கேள்வி: பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாண நகருக்கு வேலைக்குப் போய்வருகிறேன். வெறும் பிளக் பொயின்ற் எனக்குப் போதுமா? மின்கட்டணம் எவ்வளவு கூடும்?
— ஒரு வாசகர், பருத்தித்துறை

பதில்: போதும். போகவர ஏறக்குறைய 66 கிலோமீற்றர். சிறிய மின்சாரக் கார் ஓர் அலகுக்கு ஆறு, ஏழு கிலோமீற்றர் ஓடும் என்று கொண்டால், நாளொன்றுக்குப் பத்து அலகு வேண்டும். சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து மின்மானியில் பதினொன்று, பன்னிரண்டு அலகு ஓடும். 10 அம்பியரில், அதாவது 2.3 கிலோவாற்றில், அது ஐந்து மணிநேர வேலை. மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை எல்லா வீடுகளிலும் மின்சாரம் அதிகம் இழுக்கப்படும் நேரம். அதைத் தவிர்த்து 10.30க்குப் பின் தொடங்கினாலும் விடியுமுன் முடிந்துவிடும்.

கட்டணத்தில்தான் கவனம் வேண்டும். மாதம் 25 நாள் ஓடினால் காருக்கு மட்டும் 300 அலகு வரை சேரும். வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுவது. 180 அலகுக்கு மேற்பட்ட அலகுகளே மிக விலை கூடியவை. சாதாரண மின்மானிக்கு இரவும் பகலும் ஒன்றுதான். இரவு 10.30 முதல் காலை 5.30 வரை குறைந்த விலை தரும் நேரவாரிக் கட்டணமுறை உங்கள் இணைப்புக்குக் கிடைக்குமா என்று மின்சார அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். கிடைத்தால் உங்களுக்கு அது பெரிய உதவி.

கேள்வி: சுவரில் பூட்டும் 7 கிலோவாற்றுச் சார்ஜர் வாங்கினால் விரைவாக ஏறுமே? எங்களுக்கு 30 அம்பியர் ஒற்றைக் கட்ட இணைப்பு உள்ளது.
— ஒரு வாசகி, சாவகச்சேரி

பதில்: அந்தச் சார்ஜர் முழுவலுவில் 32 அம்பியர் இழுக்கும். வீட்டில் ஒரு விளக்கும் எரியாவிட்டாலும் உங்கள் இணைப்பு அதற்குப் போதாது. 16 அம்பியரில் கட்டுப்படுத்திப் பாவிக்கலாம். அப்போதும் கிணற்று மோட்டரும் சோறு சமைக்கும் கருவியும் ஒன்றாக ஓடும் நேரத்தில் சார்ஜ் ஏற்ற வேண்டாம். கார் எவ்வளவு ஏற்கும் என்பதையும் முதலில் பாருங்கள். ஆரம்பகால லீஃப்களில் பெரும்பாலானவை சுமார் 3.3 கிலோவாற்றுக்கு மேல் ஏற்காதவை. அவற்றுக்கு 7 கிலோவாற்றுச் சார்ஜர் வாங்குவது வீண்செலவு.

கேள்வி: காரை நிறுத்தும் கொட்டகை வீட்டிலிருந்து தள்ளி இருக்கிறது. நீட்சி வயர் பாவிக்கலாமா? மழையில் சார்ஜ் ஏற்றலாமா?
— ஒரு வாசகர், காரைநகர்

பதில்: நீட்சி வயர் வேண்டாம். சுருளாகச் சுற்றிய வயர் தன் சூட்டைத் தானே அடைத்து வைத்துக்கொள்ளும். காப்புறை உருகிய சுருள்களை நான் கண்டிருக்கிறேன். கொட்டகைக்கே குழாய்க்குள் புதைத்து வயரைக் கொண்டுபோய், அங்கு நீர்புகாத மூடியுடன் பொயின்ற் பூட்டுங்கள். காரின் வாய் மழையைத் தாங்கும் வகையில் ஆக்கப்பட்டது. காரும் பெட்டியும் ஒன்றையொன்று அறிந்துகொள்ளும்வரை அதில் மின்சாரம் வராது. நனையக்கூடாதவை சுவரிலுள்ள பிளக்கும், அதிலிருந்து தொங்கும் பெட்டியுமே. பெட்டியின் பாரம் பிளக்கின் முனைகளில் தொங்கினால் அவை தளர்ந்துவிடும் என்பதால், அதற்கென ஒரு கொளுக்கியைச் சுவரில் அடித்துவிடுங்கள். ஐப்பசி இடிமுழக்கம் தொடங்கும் என்று தோன்றும் மாலைகளில் பிளக்கை முன்கூட்டியே கழற்றிவிடுங்கள்; இடி முழங்கத் தொடங்கிய பிறகு போய்த் தொடாதீர்கள்.