பச்சைப் புட்டி முதல் காயில் கம்பி வரை: மினியேச்சர் செய்வோரின் கேள்விகள்

மேசைமேல் ஆடும் கற்பனைப் போர் விளையாட்டுகளுக்கான குட்டி வீரர்களை வாங்கித் தலை மாற்றுவது, கை மாற்றுவது, பிசைந்து வைத்தால் இறுகும் புட்டி (putty) வைத்துப் புது உருவமே செய்வது பற்றி வந்த கேள்விகளில், சாமான் வாங்குவது தொடர்பானவை மட்டும் இங்கே.

கேள்வி: ஆன்லைனில் கிரீன் ஸ்டஃப் (நீலப் பட்டையும் மஞ்சள் பட்டையும் சேர்த்துப் பிசைந்தால் பச்சையாகும் எபாக்சி புட்டி) நாடா வாங்கினேன். நீலமும் மஞ்சளும் சேரும் இடம் கட்டிதட்டியிருக்கிறது. பிசைந்தால் மணல் மணலாக வருகிறது. கெட்டுப்போன சரக்கா? பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா? (கல்லூரி மாணவர், கும்பகோணம்)

பதில்: நாடாவாக வரும் புட்டிக்கு இது கூடப்பிறந்த குணம். இரண்டு பட்டையும் ஒட்டியே இருப்பதால், தொடுகிற கோட்டில் உறைக்குள்ளேயே மெல்ல இறுகிக்கொண்டிருக்கும். நடுவில் 2 மி.மீ. அகலத்துக்கு வெட்டி எறிந்துவிட்டு மீதியைப் பிசையுங்கள், மணல் தட்டாது. இந்த அளவு வரை அது குறை ஆகாது. இறுக்கம் அதையும் தாண்டிப் பரவியிருந்தாலோ, நாடாவை மடித்த உடனே பட்டை விரிசல் விட்டாலோ, வெகுநாள் அலமாரியில் கிடந்த சரக்கு. அதற்குத் தாராளமாகப் பணம் கேட்கலாம்.

கேட்பதற்கு முன் உறையைப் பாருங்கள். இறக்குமதிச் சரக்கின் மேல் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, தயாரித்த மாதம் – வருடம், நிகர எடை, அதிகபட்ச விலை எல்லாம் இருக்க வேண்டும். வெறும் ஜிப் கவரில் போட்டு அனுப்பியிருந்தால் அதையும் புகாரில் சேருங்கள். பார்சலைப் பிரிக்கும்போது எடுத்த வீடியோ, மடித்த நாடாவின் கிட்டத்துப் படம், பில் மூன்றும் கையில் இருக்கட்டும். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே போவதானால், விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, கெடு 2 வருடம்.

அடுத்த முறை நீலமும் மஞ்சளும் தனித்தனியாக வரும் பாக்கெட்டாகப் பார்த்து வாங்குங்கள். வந்ததும் காற்றுப் புகாத கவரில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். எடுத்தால் அறை வெப்பத்துக்கு வந்த பிறகே கவரைத் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் புட்டி மேல் தண்ணீர் பூத்துவிடும்.

கேள்வி: எங்கள் ஊர் ஹார்டுவேர் கடையிலேயே எம்-சீல் கிடைக்கிறது. அதுவும் இரண்டு கலவை எபாக்சிதானே? பல மடங்கு விலை கொடுத்து கிரீன் ஸ்டஃப் எதற்கு? (மன்னார்குடி வாசகர்)

பதில்: எம்-சீல் குழாய் ஒழுகலை அடைப்பதற்கானது. அதில் கலந்திருக்கும் பொடி முரடு. 28 மி.மீ. உயர வீரனின் தலை மிளகு அளவுதான். அதில் கண்ணிமையைக் கீறினால் எம்-சீலின் ஓரம் உதிர்ந்துவிடும். பேஸ் (வீரன் நிற்கும் அடித்தட்டு) மேல் பாறை, பெரிய மிருகத்தின் உடம்புக்குள் கனம், இதற்கெல்லாம் எம்-சீலே போதும். அங்கே விலையுயர்ந்த புட்டியை வைப்பது வீண்.

ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் ஃபெவிக்ரில் மோல்டிட் இதைவிட நயமானது. இரண்டு பாகத்தையும் சம அளவு பிசைந்து, தண்ணீர் தொட்டுத் தடவினால் வழவழப்பாகும். இறுகியதும் உப்புத்தாள் போடலாம். கை பழகுவதற்கு இதைத்தான் சொல்வோம். ஆனால் மெல்லிய வாள், கொம்பு, விரல் செய்தால் பட்டென்று ஒடியும். மில்லிபுட் என்னும் எபாக்சி புட்டியும் இதே ஜாதிதான், இன்னும் நைசு.

கிரீன் ஸ்டஃப்புக்குக் கொடுக்கும் காசு அதன் ரப்பர்த் தன்மைக்காக. இறுகின பிறகும் கொஞ்சம் வளையும், அதனால் காகிதம் போன்ற போர்வை ஓரம்கூட நிற்கும். மஞ்சளைக் கூட்டினால் மிருதுவாகும், ஒட்டும் தன்மை கூடும். நீலத்தைக் கூட்டினால் விறைப்பாகி ஓரம் கூர்மையாக நிற்கும். உப்புத்தாள் மட்டும் இதில் செல்லாது, பஞ்சு பஞ்சாகக் கிளம்பும். கவசம், வாள் போன்ற கூர் ஓரங்களுக்குப் பிசைந்த கிரீன் ஸ்டஃப்பையும் பிசைந்த மில்லிபுட்டையும் பாதிக்குப் பாதி சேர்த்தால் இரண்டின் நல்ல குணமும் கிடைக்கும்.

வாங்கும்போது சின்ன பாக்கெட்டே வாங்குங்கள். 20 மி.மீ. நீளம், 15 மி.மீ. அகலம், 1 மி.மீ. கனத்தில் ஒரு போர்வை செய்தால், வெட்டி எறிவதையும் சேர்த்து அரை கன சென்டிமீட்டர்கூடச் செலவாகாது. பெரிய சுருளாக வாங்கினால் பாதி, பெட்டியிலேயே இறுகிப் போகும். அந்தப் போர்வையைச் செய்யும் முறை இது: பால் கவரைக் கழுவித் துடைத்து, உள்பக்கம் துளி வாசலின் தடவி, புட்டியை இரண்டு தாளுக்கு நடுவே வைத்து உருட்டித் தட்டையாக்குங்கள். உடனே எடுத்தால் கிழியும். அரை மணி நேரம் போல விட்டால் தோல் பதத்துக்கு வரும். அப்போது புதுப் பிளேடால் வெட்டி, தோளில் மேல் ஓரத்தை மட்டும் அழுத்தி, மடிப்புகளைக் கீழிருந்து மேலாகத் தூக்கிவிடுங்கள். சித்திரை வெயிலில் எல்லாமே சீக்கிரம் நடக்கும், ஆகவே ஒரு தடவைக்கு வேண்டிய அளவுக்கு மேல் பிசையாதீர்கள். முழுதாக இறுக 24 மணி நேரம். பெயின்ட் அடிக்கும் முன் சோப்புத் தண்ணீரில் கழுவி வாசலினை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பெயின்ட் பிடிக்காது.

கேள்வி: செதுக்கும் கருவி செட், ஆர்மேச்சர் கம்பி (உருவத்துக்குள் எலும்புக்கூடு போல வைப்பது), கைத்துளைப்பான் என்று வெளிநாட்டுத் தளத்தில் கூடையில் போட்டால் சாமானைவிடத் தபால் செலவும் சுங்கவரியும் அதிகமாகிறது. இங்கேயே கிடைக்குமா? (திருவாரூர் வாசகர்)

பதில்: புட்டியைத் தவிர அத்தனையும் டெல்டாவிலேயே கிடைக்கும், பல சமயம் தரமும் கூடுதல்.

கம்பிக்குப் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைக்குப் போங்கள். எனாமல் பூசிய செம்புக் கம்பியை கேஜ் கணக்கில் வைத்திருப்பார்கள். 20 கேஜ் என்பது 0.9 மி.மீ., 22 கேஜ் 0.7 மி.மீ., 24 கேஜ் 0.56 மி.மீ. மனித உருவத்துக்கு 22 போதும். பூதம், டிராகன் என்றால் 20. வழவழப்பான கம்பியில் புட்டி சுழன்றுகொள்ளும் என்பதால் 24 கேஜை இரட்டையாக முறுக்கிப் பயன்படுத்துவது இன்னும் நல்லது. கம்பிக்கு மேல் மெல்லிய புட்டித் தோல் ஒன்று போட்டு ஒரு நாள் இறுக விட்டு, அப்புறம் தசை, அதுவும் இறுகின பிறகு உடை என்று போக வேண்டும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வைத்தால், கையைச் செதுக்கும்போது தோள் நசுங்கும்.

கருவிக்குப் பல் மருத்துவச் சாமான் கடை. மெழுகில் பல் செதுக்கிப் பழகும் பி.டி.எஸ். மாணவர்கள் வாங்கும் லெக்ரான் கார்வரும் பி.கே.டி. செட்டும் நம் வேலைக்கு அப்படியே பொருந்தும். ஆன்லைனில் 12 கருவி, 24 கருவி என்று வரும் மலிவு செட்டில் பெரும்பாலானவற்றின் முனை தடிமன், வேண்டாம். ரப்பர் முனைத் தூரிகை நகப்பூச்சுச் சாமான் கடையில் கிடைக்கும், மெத்தென்று வருகிறதா என்று தொட்டுப் பார்த்து வாங்குங்கள்.

கைத்துளைப்பான், 0.8 – 1 மி.மீ. துளை பிட், ஊசி அரம், நகைவாள் ஆகியவற்றுக்கு நகைப்பட்டறைச் சாமான் விற்கும் கடை. பிட் எளிதில் ஒடியும், ஒன்றுக்கு நாலாக வாங்கி வையுங்கள்.

கேள்வி: பிளாஸ்டிக் சிமெண்ட் போட்டு ஒட்டிய கை மறுநாளே கழன்று விழுகிறது. பசை போலியா? (மயிலாடுதுறை வாசகர்)

பதில்: பசை சரியாக இருக்கலாம், உங்கள் வீரன் பிளாஸ்டிக்காக இல்லாமல் இருக்கலாம். அந்தச் சிமெண்ட் பாலிஸ்டைரீனை உருக்கி ஒன்றாக்குவது; ரெசினிலும் வெள்ளீய உலோகத்திலும் ஒன்றும் செய்யாது. கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள், பிசுபிசுவென்று இளகினால் பாலிஸ்டைரீன். கத்தியால் சீவினால் பிளாஸ்டிக் சுருளும், ரெசின் பெரும்பாலும் பொடியாகும். ரெசின் பொடியை மூச்சில் இழுக்கக் கூடாது. தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, மாஸ்க்கும் போடுங்கள்.

ரெசினுக்கும் உலோகத்துக்கும் ஃபெவிக்விக் போன்ற பசைதான். ஒட்டும் முன் ரெசினை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் பழைய பல்துலக்கியால் கழுவ வேண்டும், அச்சிலிருந்து எடுக்கத் தடவிய எண்ணெய்ப் பசை அதில் இருக்கும். கனமான உறுப்புக்கு உள்ளே கம்பியும் வேண்டும். ஒரு பக்கம் 1 மி.மீ. துளை, 3 – 4 மி.மீ. ஆழம், துளை வாயில் ஒரு புள்ளி பெயின்ட் வைத்து மறுபக்கத்தை அழுத்தினால் எதிர்த்துளைக்கு இடம் பதிந்துவிடும். ஜெம் கிளிப்பை வெட்டிச் செருகினால் போதும்.

கேள்வி: சுவாமிமலையில் சிலை வார்க்கும் மெழுகில் மினியேச்சர் செதுக்கலாமா? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: பழக அருமையான பொருள். தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய அந்த மெழுகு சூட்டுக் கருவிக்கு நன்றாகக் கட்டுப்படும், பிடிக்காவிட்டால் உருக்கி மறுபடி செய்யலாம். ஆனால் 1 மி.மீ. வாளும் விரலும் நம் கோடையில் தொய்ந்துவிடும். நகை வார்ப்பவரிடம் கொடுத்துப் பித்தளையில் ஒரே ஒரு உருவம் எடுப்பதானால் மெழுகு சரி. மெழுகு உருகிப் போகும், உலோகம் ஆறும்போது சற்றே சுருங்கும், இரண்டுக்கும் தயாராக இருங்கள். பல நகல் எடுக்க அறை வெப்பத்தில் இறுகும் சிலிக்கோன் அச்சு வேண்டும். வெள்ளீயம் வார்க்கும் பட்டறைகளின் ரப்பர் அச்சைச் சூட்டிலும் அழுத்தத்திலும் வேகவைப்பார்கள். அதற்குள் மெழுகு மூல உருவம் தாங்காது, புட்டிதான் தாங்கும்.

கேள்வி: ஐப்பசியில் ஸ்பிரே ப்ரைமர் (பெயின்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) வாங்கலாமா? (நாகப்பட்டினம் வாசகர்)

பதில்: தை வரை பொறுங்கள். அடைமழை ஈரத்தில் ஸ்பிரே வெளுத்து மங்கும், புட்டியில் செய்த நுணுக்கம் மறையும். அவசரம் என்றால் தூரிகையால் அடிக்கும் அக்ரிலிக் ப்ரைமர் வாங்குங்கள். ஸ்பிரே கேனை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள், தரைவழியாகத்தான் வரும். தாமதத்தை எண்ணி ஆர்டர் போடுங்கள். வண்டிக்கு அடிக்கும் லாக்கர் ஸ்பிரே சில பிளாஸ்டிக்கை அரிக்கும். வெட்டிய ஸ்ப்ரூவில் (உறுப்புகள் ஒட்டி வரும் பிளாஸ்டிக் சட்டம்) முதலில் அடித்துப் பாருங்கள்.

கேள்வி: த்ரீ-டி பிரிண்ட் செய்து விற்பவரிடம் ஒரு பூதம் வாங்கினேன். தொட்டால் பிசுபிசுக்கிறது, வாடை வீசுகிறது. (திருச்சி வாசகர்)

பதில்: வெறும் கையால் தொடாதீர்கள். சரியாக இறுகாத ரெசின் தோலில் ஒவ்வாமையைக் கிளப்பும், ஒருமுறை வந்துவிட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலும் திரும்ப வரும். நைட்ரைல் கையுறை போட்டு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கழுவி, ஈரம் முழுதும் போன பின் வெயிலில் திருப்பித் திருப்பிக் காட்டுங்கள். அப்படியும் பிசுபிசுத்தால் திருப்பி அனுப்புங்கள். பெரிய உருவங்களை உள்ளே குடைந்து அச்சிடுவார்கள். வடிகால் துளை இல்லையென்றால் உள்ளே தங்கின திரவம் சில வாரத்தில் உடம்பை வெடிக்க வைத்துக் கசியும். ஆகவே வாங்கும் முன்பே மூன்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்: உள்ளே குடைந்ததா, துளை எங்கே, எந்த வகை ரெசின். வெட்டி மாற்ற நினைத்தால் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் போன்ற கெட்டி ரெசினே வேண்டும், சாதா ரெசின் பிட் நுழைந்ததும் சில்லாகத் தெறிக்கும்.