மிச்சம் கணக்குதானா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எம்.எஸ்ஸி. இயற்பியல் படித்துவிட்டு ஐந்து வருடமாக ஒயிட்ஃபீல்டில் மென்பொருள் வேலை பார்க்கிறேன். வயது 29. போன மாதம் கேட்ட ஓர் உரையில், நிக்கல் ஆக்சைடு ஏட்டுக் கணக்குப்படி உலோகமாக இருக்க வேண்டும், ஆனால் மின்சாரத்தைக் கடத்துவதில்லை, எலெக்ட்ரான்கள் ஒன்றையொன்று பலமாகத் தள்ளுவதுதான் காரணம் என்றார்கள். ஷ்ரோடிங்கர் சமன்பாடு 1926-லேயே வந்துவிட்டது. எது எதை இழுக்கும், எதைத் தள்ளும் என்பதும் தெரியும். மிச்சம் கணக்குதானே? கணினி பார்த்துக்கொள்ளாதா? பிஎச்.டி. சேரலாமா என்று யோசிப்பதால் கேட்கிறேன். அப்புறம், 'கோரிலேஷன்' என்பதற்கு நல்ல தமிழ்ச் சொல் என்ன?

க., பெங்களூரு

அன்புள்ள க.,

சொல்லை முதலில் முடித்துவிடுவோம். பாடநூலில் 'ஒட்டுறவு' என்று இருக்கிறது. அது போதும்.

'மிச்சம் கணக்குதானே' என்ற வரி இரண்டு நாளாக என்னை விடவில்லை. கோபம் வந்தது, மறைக்க மாட்டேன். 1987-இல், ஒன்பதாம் வகுப்பில், இதே வார்த்தையை ஒருவர் என்னிடம் சொன்னார்.

அப்பா டாடா இன்ஸ்டிட்யூட்டில் உதவியாளர். இந்திய அறிவியல் கழகத்துக்கு எங்கள் தெருவில் அதுதான் பெயர். திரவ நைட்ரஜன் கேன்களைக் கூடம் கூடமாகக் கொண்டுபோய்க் கொடுப்பது அவர் வேலை. ஒரு நாள் வீட்டுக்கு வந்தவர் செருப்பைக் கழற்றாமலே, "கறுப்பா ஒரு வில்லை, நம்ம நைட்ரஜனை ஊத்தினதும் அதுக்கு மேல காந்தம் அந்தரத்துல நிக்குதுடா" என்றார். ஏன் நிற்கிறது என்று மறுநாள் பள்ளியில் கேட்டேன். ஆசிரியர், "எல்லாம் தெரிஞ்ச விஷயம்தான், பெரிய கணக்கு, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் பாடத்துக்குப் போய்விட்டார். அப்பாவிடம் வந்து அதைச் சொன்னேன். "எல்லாம் தெரிஞ்சிருந்தா ராத்திரி ரெண்டு மணிக்கு அங்க ஏன்டா லைட் எரியுது?" என்றார்.

சரி, உங்கள் கணக்குக்கு வருகிறேன். ஸ்ரீராமபுரத்தில் நாங்கள் இருந்தது லைன் வீடு. வரிசையாகப் பத்து அறை. பெரும்பாலும் மில் தொழிலாளிகள், அறைக்கு ஒருவர். இன்னொரு பாய் விரிக்க ஒவ்வொரு அறையிலும் இடம் உண்டு. ஆனால் இரண்டாவது ஆள் வந்தால் வாடகை இரட்டிப்பு. சராசரி பார்ப்பவன் என்ன சொல்வான்? அறைக்கு ஒருவர், இன்னும் ஒருவருக்கு இடம் இருக்கிறது, எனவே எல்லாரும் தாராளமாக இடம் மாறலாம் என்பான். அறையை அணு என்றும், ஆளை எலெக்ட்ரான் என்றும், வாடகையை ஆற்றல் என்றும் வையுங்கள். நிக்கல் ஆக்சைடை உலோகம் என்று சொன்ன பழைய கோட்பாடும் இப்படித்தான் பார்த்தது. ஒரு எலெக்ட்ரானை எடுத்துக்கொண்டு, மற்ற அத்தனையையும் ஒரு சராசரிக் கூட்டமாக வைத்தது. அது பொருந்தவில்லை என்று 1937-இல் டி போர், வெர்வே என்ற இரு விஞ்ஞானிகள் சுட்டிக்காட்டினார்கள். எலெக்ட்ரான்கள் ஒன்றையொன்று தவிர்ப்பதை விட்டுவிட்டோம் என்று இயற்பியலாளர் பையர்ல்ஸ் உடனே சொன்னார், இன்னொரு இயற்பியலாளர் மாட் அதை வளர்த்தெடுத்தார். இந்தத் தவிர்ப்புத்தான் நீங்கள் சொல் கேட்ட ஒட்டுறவு. பக்கத்து அறைக்குப் போனால் இரட்டை வாடகை. ஆகவே இடம் இருந்தும் யாரும் நகர்வதில்லை.

இதில் இன்னொன்றும் உண்டு. பகல் ஷிப்ட்காரரும் இரவு ஷிப்ட்காரரும் ஒரே கட்டிலை மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம், ஒரே ஷிப்ட்காரர் இருவரால் முடியாது. எலெக்ட்ரான்களின் ஸ்பின்னும் அப்படித்தான். ஒவ்வோர் எலெக்ட்ரானையும் ஒரு குட்டிக் காந்தமாக்குவது அதன் ஸ்பின், அதற்கு இரண்டே திசை. ஒரே திசை ஸ்பின் கொண்ட இரண்டு ஒரே இடத்தில் இருக்க முடியாது. எதிர் ஸ்பின் பக்கத்தில் இருந்தால் ஒரு கணம் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பலாம், அதில் சிறிது ஆற்றல் மிச்சமாகும். அதனால் பகல், இரவு, பகல், இரவு என்று வரிசை தானாக அமைந்துவிடுகிறது. குட்டிக் காந்தங்கள் ஒன்றையொன்று இழுத்ததால் வந்ததல்ல இது. வெறும் தவிர்ப்பிலிருந்தே ஒரு காந்த ஒழுங்கு பிறக்கிறது.

இப்போது ஏழாம் அறைக்காரர் காலி செய்துவிட்டார் என்று வையுங்கள். ஆறாம் அறைக்காரர் ஏழுக்கு வருகிறார், ஐந்தாமவர் ஆறுக்கு. யாருக்கும் கூடுதல் வாடகை இல்லை, வரிசையே நகர்கிறது. பகல் இரவு ஒழுங்கும் கலைகிறது. நிக்கல் ஆக்சைடு போலவே கடத்தாத லாந்தனம் காப்பர் ஆக்சைடில், லாந்தனத்தில் கொஞ்சத்தை எடுத்துவிட்டு ஸ்ட்ரான்ஷியம் வைத்தால் நடப்பது இதுதான். நூற்றில் இரண்டு அறை காலியானால் காந்த ஒழுங்கு போய்விடுகிறது. பதினைந்து வாக்கில் அது நல்ல மீகடத்தி. கடத்தாத பொருளிலிருந்து துளி மின்தடையும் இல்லாத பொருள். 1986-இல் ஜூரிச்சில் பெட்நோர்ஸும் முல்லரும் இந்தக் குடும்பத்துப் பொருளில்தான், பேரியம் சேர்த்து, இதைக் கண்டார்கள். மறு வருடம் அப்பா பார்த்த, காந்தத்தை மிதக்க வைத்த வில்லை இட்ரியம் சேர்ந்தது, 93 கெல்வின் (மைனஸ் 180 டிகிரி செல்சியஸ்) வரை மீகடத்தி. நைட்ரஜன் கொதிப்பது 77-இல், அதனால் அதன் குளிரே போதும்.

இதை எந்தக் கணினி முன்கூட்டிச் சொன்னது? எண்ணிப் பாருங்கள். ஓர் அறை காலியாக இருக்கலாம், பகல்காரர், இரவுக்காரர், இருவரும் இருக்கலாம். நான்கு வழி. எங்கள் பத்து அறைக்கே 10,48,576 நிலைகள். இருபது அறைக்கு ஒரு லட்சம் கோடிக்கும் மேல். ஐம்பது அறை என்றால் ஒன்றுக்குப் பின்னால் முப்பது சைபர். மண் துகள் அளவு பொருளிலோ கோடி கோடி அறைகள். உங்கள் தொழிலே கணினி, இது உங்களுக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? விடையை யாராவது கையில் கொடுத்தால்கூட, ஏன் என்ற கேள்வி அப்படியே நிற்கும். விதி தெரிந்தவனுக்கு அந்த விதியிலிருந்து உலகத்தைத் திரும்பக் கட்டத் தெரியும் என்று நினைக்காதீர்கள் என்று இயற்பியலாளர் ஆண்டர்சன் 1972-இலேயே வாதிட்டார். அவர் 1987 ஜனவரியில் இதே பெங்களூருக்கு மாநாட்டுக்கு வந்தார். காப்பர் ஆக்சைடு மீகடத்தியாவதற்கு மூலம் எலெக்ட்ரான்களின் இந்த நகராத நிலைதான் என்று அவர் சொன்னதை வைத்து, நம் நாட்டு இயற்பியலாளர் ஜி. பாஸ்கரன் அவரோடு சேர்ந்து அந்த வருடமே கட்டுரை எழுதினார். எல்லாரும் ஒப்புக்கொண்ட விளக்கம் இன்றும் வரவில்லை. கணக்குத்தான் மிச்சம் என்று இனி யாரிடமும் சொல்லாதீர்கள்.

பிஎச்.டி. கேட்டீர்கள், மறக்கவில்லை. 29 ஒன்றும் வயதில்லை, தயங்காமல் விண்ணப்பியுங்கள். வீட்டில் கடன் இருந்தால் அதை முதலில் முடியுங்கள்.

மார்ச் வாக்கில் இன்ஸ்டிட்யூட்டில் பொதுமக்கள் உள்ளே போய்ப் பார்க்கும் திறந்த நாள் வரும். காந்தம் மிதப்பதைப் பார்க்க மேசையைச் சுற்றிக் கூட்டம் நிற்கும், படம் எடுத்ததும் நகர்ந்துவிடும். நீங்கள் நகராதீர்கள். நைட்ரஜன் தீர்ந்து, வில்லை சூடேறி, காந்தம் மெல்ல இறங்கி உட்காரும். அதுவரை நில்லுங்கள். அப்பா என் தோளைப் பிடித்து நிறுத்தி வைத்துத்தான் அதைக் காட்டினார்.