பாடக் காணொளிகளை எல்லாம் முடித்தும் சொந்தமாக நிரல் எழுத வரவில்லையே, ஏன்?

காணொளியில் பிழைகளை முன்பே களைந்திருப்பார்கள். நீங்கள் தடுக்கி விழ வழியே இல்லை. உங்களுக்கே தேவைப்படும் சின்னக் கருவி ஒன்றைக் கட்டிப் பாருங்கள்.

பைத்தான் என்ற நிரல்மொழியில் நான் செலவுக் கணக்கு எழுதியபோது, 0.1-உடன் 0.2-ஐக் கூட்டினால் 0.30000000000000004 என்று வந்தது. அரை நாள் மண்டையைக் குடைந்தது. 1/3-ஐத் தசமத்தில் முழுதாக எழுத முடியாததுபோல, 0.1-ஐக் கணினி பயன்படுத்தும் இரும எண்களில் (0, 1 மட்டும் கொண்டவை) முழுதாக எழுத முடியாது. தசம எண்களை அப்படியே கையாளும் பைத்தானின் டெசிமல் (decimal) தொகுதிக்கு மாறியதும் கணக்கு நேரானது. எந்தப் பாடமும் அதை இவ்வளவு ஆழமாக எனக்குள் இறக்கியதில்லை.

நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் (Git) கருவியை முதல் நாளே பழகுங்கள் (அதுவும் லினக்ஸ் இயங்குதளத்தின் கருநிரலைப் பராமரிக்கும் தேவைக்காக 2005-இல் அதை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கியதுதான்). பைத்தானின் பிழைச் செய்தியைக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படியுங்கள். என்ன பிழை என்பது அந்தக் கடைசி வரியில்தான் இருக்கும்.