4294967297: இந்த ஒரே எண்ணைப் பத்தி என்ன வேணா கேளுங்க

2 பவர் 32, அதோட 1 கூட்டினா 4294967297. வருஷக்கணக்கா என் மனசுல உக்காந்திருக்கிற எண் இது.

கேள்வி: அண்ணா, இது பகா எண்தானே? கணித மேதை ஃபெர்மா சொன்னாராமே?

பதில்: இல்லப்பா. 2 பவர் 1, 2, 4, 8, 16, இதுல ஒவ்வொண்ணோடயும் 1 கூட்டினா 3, 5, 17, 257, 65537 வரும், அஞ்சுமே பகா எண், அதனால வரிசை முழுக்க இப்படியே போகும்னு ஃபெர்மா நம்பினார். ஆனா அதுக்கு அடுத்ததே இந்த எண்தான், 1732-ல இன்னொரு கணித மேதை ஆய்லர் உடைச்சுட்டார்: 641 × 6700417.

கேள்வி: 641 வரைக்கும் ஒவ்வொண்ணா வகுக்கணுமா?

பதில்: வேண்டாம். இதோட பகாக் காரணி எதுவா இருந்தாலும் 64-ஆல வகுத்தா மீதி 1 வந்தே ஆகணும், இதையும் நிரூபிச்சது ஆய்லர்தான். அப்ப 193, 257, 449, 577, 641, அஞ்சாவதுலயே கிடைச்சிடும். சும்மா வகுத்துட்டே போனா 641 116-வது பகா எண்.

கேள்வி: சார், கால்குலேட்டர் இல்லாம காட்ட முடியுமா?

பதில்: முடியும், எனக்கு ரொம்பப் பிடிச்ச இடமே இதான். 641-ஐ ரெண்டு விதமா எழுதுங்க: 5×128 + 1, அப்புறம் 625 + 16. முதல்ல உள்ளதுபடி 5×2⁷-ஐ 641-ஆல வகுத்தா மீதி −1, அதை நாலு தடவை பெருக்கினா 5⁴×2²⁸-க்கு மீதி 1. ரெண்டாவதுபடி 5⁴-ம் −2⁴-ம் ஒரே மீதி, அதனால 5⁴ இருக்கிற இடத்துல −2⁴ போடுங்க, −2³²-க்கு மீதி 1. அதாவது 2³² + 1 மீதியில்லாம வகுபடுது. முடிஞ்சது.

கேள்வி: ப்ரோ, 2-ஐ வச்சு ஃபெர்மா டெஸ்ட் ஓட்டினேன், பகா எண்ணா இருக்கலாம்னு வருது, என் கோட் தப்பா?

பதில்: கோட் சரிதான். இந்த டெஸ்ட்ல, எண்ணுல 1 குறைச்சு அத்தனை பவருக்கு 2-ஐ உயர்த்தி, அந்த எண்ணாலயே வகுப்போம், மீதி 1 வந்தா பகா எண்ணா இருக்கலாம்னு சொல்லும். இந்த எண்ணால வகுத்தா 2³²-க்கு மீதி −1, அப்ப 2⁶⁴-க்கு 1, டெஸ்ட்ல வர்ற பவர் 2³², அது 64-ன் மடங்கு, அதனால 1 வந்துதான் தீரும். 3-ஐ வச்சு ஓட்டுங்க, மாட்டிக்கும். ஆனா 32 பிட் வேரியபிள்ல போட்டுடாதீங்க, எண்ணே 1 ஆயிடும்.

கேள்வி: இதுல 2 கழிச்சா?

பதில்: 3×5×17×257×65537. மேல சொன்ன அஞ்சும் அப்படியே.

கேள்வி: காரணியே கண்டுபிடிக்காம பகு எண்னு சொல்ல வழி இருக்கா?

பதில்: இருக்கு. 4-ஆல வகுத்தா மீதி 1 வர்ற பகா எண்ணை ரெண்டு வர்க்கத்தோட கூட்டலா ஒரே ஒரு விதமாத்தான் எழுத முடியும். இது 65536² + 1²-ன்னு பாத்தாலே தெரியுது, ஆனா 62264² + 20449²-னும் வருது, ரெண்டு விதம் வந்தாலே பகு எண்தான். அந்த ரெண்டாவது எங்கருந்து வந்துச்சுன்னா, 641 = 25² + 4², 6700417 = 2556² + 409². குறுக்கே பெருக்குங்க: 25×409 = 10225, 4×2556 = 10224. கூட்டினா 20449, கழிச்சா அந்த 1.