டர்போ காருக்குத் தண்ணீரால் குளிரும் இன்டர்கூலர் பொருத்த எண்ணியிருக்கிறேன். முதலில் எதை வாங்க வேண்டும்?

முதலில் எதையும் வாங்க வேண்டாம். ரீமேப் செய்த (இன்ஜின் கணினியின் மென்பொருளைத் திருத்தித் திறனைக் கூட்டிய) டர்போ பெட்ரோல் கார், வெயில் காலத்தில் மலையேறும்போது இழுவை தளர்ந்துவிடுகிறது, ஆகவே காற்றால் குளிரும் இன்டர்கூலரை (டர்போ அழுத்திச் சூடாக்கிய காற்றைக் குளிர்விக்கும் பாகம்) எடுத்துவிட்டுத் தண்ணீர் இன்டர்கூலருக்கு மாறப்போகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காற்றின் வெப்பத்தைத் தண்ணீருக்கு மாற்றும், கோர் என்று விற்கப்படும் அலுமினியப் பெட்டியை முதலில் வாங்கிவிடலாம், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற நினைப்பும் உங்கள் கேள்வியில் தெரிகிறது. நான்கு ஆண்டுகளுக்கு முன் நானும் பெட்டியில்தான் தொடங்கினேன். ஒரு பம்பை இழந்தேன், இன்ஜின் மயிரிழையில் தப்பியது.

என் கார் 2005ஆம் ஆண்டின் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். 1.8 லிட்டர், சிலிண்டருக்கு 5 வால்வுகள், தொழிற்சாலைக் கணக்கில் 150 குதிரைத்திறன். இந்தக் காரில் நிறுவனம் வைத்த இன்டர்கூலர் சிறியது; பம்பரின் வலது மூலையில், சக்கரத்துக்கு முன்னால் ஒடுங்கிக் கிடக்கும். ரீமேப்புக்குப் பிறகு ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும்போது மடிக்கணினியை இணைத்துப் பதிவு எடுத்தேன். வெளியே 32 டிகிரி இருக்கையில், இருபதாவது கொண்டை ஊசி வளைவைத் தாண்டும்போது உள்ளிழுக்கும் காற்று 71 டிகிரியைத் தொட்டிருந்தது. நாக்கிங்குக்கு (எரிபொருள் கலவை தானாகவே வெடித்து இன்ஜினைத் தட்டுவது) அஞ்சி, இன்ஜின் கணினியான ஈசியூ பற்றவைப்பைச் சிலிண்டருக்கு 6 முதல் 9 டிகிரி கோணம் வரை பின்னிழுத்து, அதாவது தாமதப்படுத்தி இருந்தது; இழுவை தளர்வது அதனால்தான். நான் அங்கே பந்தயம் ஓட்டினேன் என்று யாரும் எழுத வேண்டாம். மலைச் சாலையில் இன்டர்கூலர் திணறுவதற்குக் காரணமே வேகம் குறைவு என்பதுதான்: இரண்டாவது கியர், நிறைய பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்), முகப்பில் மோதும் காற்றோ மிகக் குறைவு.

இந்தப் பதிவு உங்களிடம் இருக்கிறதா என்பதே என் முதல் கேள்வி. இழுவை குறைவதற்கு அடைத்த கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், விரிசல் விட்ட பூஸ்ட் ஹோஸ், தளர்ந்த டைவர்ட்டர் வால்வு, தேய்ந்த பிளக் என்று ஏராளமான காரணங்கள் உண்டு, அவற்றில் எதையும் தண்ணீர் சரிசெய்யாது. காற்றின் வெப்பமும் பற்றவைப்புப் பின்னிழுப்பும் ஒன்றாக ஏறுவதைப் பதிவில் பார்த்த பிறகுதான் இன்டர்கூலரைக் குறைசொல்ல வேண்டும். காரில் ஏற்கெனவே இருக்கும் வெப்ப சென்சார் சற்று மந்தமானது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். அது 60 என்று காட்டும் நேரத்தில் உண்மையான காற்று அதைக் கடந்து போயிருக்கும்.

பிறகு கணக்கு. இதை எழுதினால் 'பட்டறைக்காரருக்கு இவ்வளவு கணக்கு தேவையில்லை' என்று ஒருவர் வருவார். அவர் இந்தப் பத்தியைத் தாண்டிச் செல்லலாம். வெளியே 36 டிகிரி, பூஸ்ட் 1 பார், டர்போ கம்ப்ரசரின் செயல்திறன் 70 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், டர்போவை விட்டு வெளிவரும் காற்று ஏறத்தாழ 130 டிகிரியில் இருக்கும். சுமார் 190 குதிரைத்திறன் தரும் இன்ஜின் விநாடிக்கு 0.14 கிலோகிராமுக்குச் சற்று மேல் காற்றை விழுங்குகிறது. அதை 55 டிகிரிக்கு இறக்க வேண்டுமானால் ஏறக்குறைய 11 கிலோவாட் வெப்பத்தை எடுத்தாக வேண்டும். வீட்டுக் குளியலறை கீசர்கள் ஐந்தை ஒன்றாகப் போட்டதுபோல. நிமிடத்துக்கு 20 லிட்டர் தண்ணீர் ஓடினால், பெட்டிக்குள் ஒருமுறை போய்வருவதற்குள் அந்தத் தண்ணீர் 8 டிகிரி சூடாகிவிடும்.

அப்படியானால் அந்த 11 கிலோவாட் எங்கே போகிறது? திட்டமிடுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தவறுகிறார்கள். தண்ணீர் வெப்பத்தை அழித்துவிடுவதில்லை, வாங்கி வைத்துக்கொள்கிறது. என் சுற்றில் தொட்டியும் குழாய்களும் சேர்த்து 9 லிட்டர். முன்பக்க ரேடியேட்டர் ஒன்றுமே செய்யாவிட்டாலும், முழு பூஸ்டில் 10 விநாடி மிதித்தால் தண்ணீர் 3 டிகிரிதான் ஏறும். அதனால்தான் சாலையில் முந்திச் செல்லும் ஒரு குறுகிய ஓட்டத்துக்குத் தண்ணீர் மிக அழகாக வேலை செய்கிறது. கால் மைல் நேர்க்கோட்டுப் பந்தயக்காரர்கள் தொட்டியில் ஐஸ் கட்டியைப் போட்டு ஓடுவதும் இதே காரணத்தால்தான். ஆனால் விடாமல் மிதிக்கும் இடத்தில், வாங்கிய வெப்பத்தைத் திருப்பிக் கொடுக்க முன்பக்க ரேடியேட்டரை விட்டால் வேறு வழியில்லை, அந்த ரேடியேட்டரும் கடைசியில் காற்றால்தான் குளிர்கிறது.

இதை நான் கோவைக்கு அருகே செட்டிப்பாளையத்தின் காரி மோட்டார் ஸ்பீட்வே பந்தய ஓடுதளத்தில் கற்றேன். சுற்று 2.1 கிலோமீட்டர். முதல் இரண்டு சுற்றுகளில் உள்ளிழுக்கும் காற்று 45 டிகிரியைத் தாண்டவில்லை; உடன் வந்த நண்பரிடம் பெருமை பேசிக்கொண்டிருந்தேன். ஆறாவது சுற்றில் 64. பழைய இன்டர்கூலரைவிடச் சற்றே தேவலை, அவ்வளவுதான். காரணம், காசை எல்லாம் பெட்டிக்குக் கொட்டிவிட்டு, முன்பக்கத்தில் ஏதோ ஒரு பழைய பைக்கின் ரேடியேட்டரைக் காற்றே வராத இடத்தில் பம்பருக்குப் பின்னால் மாட்டியிருந்தேன். பிறகு ஏசியின் வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சருக்கு முன்னால் அகலமான, மெல்லிய ரேடியேட்டர் ஒன்றை வைத்து, பக்க இடைவெளிகளை அலுமினியத் தகட்டால் அடைத்தேன். அடைக்காவிட்டால் காற்று ரேடியேட்டருக்குள் நுழையாமல் சுலபமான வழியில் ஒதுங்கிப் போய்விடும். அதன்பின் அதே ஆறாவது சுற்றில் 52. எனவே பம்பரைக் கழற்றி, கண்டென்சருக்கு முன்னால் எத்தனை அங்குல இடம் இருக்கிறது என்று டேப்பை வைத்து அளப்பதில் உங்கள் திட்டம் தொடங்க வேண்டும். இடம் இல்லையென்றால் திட்டமும் இல்லை. ஏசியின் குளிர்ச்சி கொஞ்சம் குறையும் என்பதையும் வீட்டில் உள்ளவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

பம்ப் விஷயத்தைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. பம்ப் செய்து பிழைக்கும் ஊரில் பிறந்து, கிணற்று மோட்டாருக்குத் தண்ணீர் ஊற்றிக் காற்றெடுக்கும் வேலையைச் சிறுவயதிலேயே செய்து பழகியவன், காரில் அதை மறந்தேன். இந்த மின்பம்புகளும் அதே வகைதான். தானாக உறிஞ்சாது, தண்ணீர் வந்து சேர்ந்தால் தள்ளும். நான் தொட்டியைக் கீழேயும் பம்பை மேலேயும் வைத்திருந்தேன். காற்று அடைத்துக்கொண்டு, பம்ப் உலர்ந்தே சுழன்று, இரண்டாம் வாரம் செத்தது. சத்தம் கேட்டதால் ஓடுகிறது என்று நம்பினேன். சுற்றிலேயே உயரமான இடத்தில் தொட்டி, தாழ்வான இடத்தில் பம்ப். தொட்டியிலிருந்து பம்ப், பம்பிலிருந்து பெட்டி, பெட்டியிலிருந்து முன் ரேடியேட்டர், அங்கிருந்து மீண்டும் தொட்டி என்பதே நான் இப்போது வைத்திருக்கும் வரிசை. திரும்பும் குழாயின் வாயைத் தொட்டிக்குள் கண்ணால் பார்க்கும்படி வைத்தால், தண்ணீர் ஓடுகிறதா என்பது மூடியைத் திறந்ததும் தெரிந்துவிடும். பம்புக்கு ரிலேயும் ஃபியூஸும் தனியாக வேண்டும்; சாவியைத் திருப்பியதும் ஓட வேண்டும். தண்ணீரின் வெப்பத்தைக் காட்டும் ஒரு மீட்டரையும் வையுங்கள், ஏனென்றால் பம்ப் நின்றுபோனால் ஓட்டுநருக்குத் தெரிவிக்க இந்த அமைப்பில் வேறெதுவும் இல்லை.

இப்போது பெட்டி. சென்னையில் ஒரு பட்டறையில், பெயர் சொல்லப்போவதில்லை, 31,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். பொருத்தி ஒரு மாதத்துக்குள், பூஸ்ட் ஏறும்போதெல்லாம் தொட்டியின் மூடி வழியாகத் தண்ணீர் பீறிட்டது. உள்ளே வெல்டிங்கில் நூலிழைக் கசிவு. பூஸ்ட் காற்று தண்ணீர்ச் சுற்றுக்குள் புகுந்து குமிழ்விட்டுக்கொண்டிருந்தது. அதுகூடப் பரவாயில்லை. இன்ஜினை நிறுத்திய பிறகு அழுத்தம் தலைகீழாகிறது. உயரத்தில் இருக்கும் தொட்டியின் தண்ணீர் அதே இழை வழியாகக் காற்றுக் குழாய்க்குள் சொட்டுச் சொட்டாக இறங்கித் தேங்குகிறது. மறுநாள் காலையில் ஸ்டார்ட் செய்தால் அந்தத் தண்ணீர் சிலிண்டருக்குள் போகும், தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளையும். ஒரு காலையில் தொட்டியில் அரை லிட்டர் குறைந்திருப்பதைத் தற்செயலாகப் பார்த்ததால்தான் சாவியைத் திருப்பாமல் குழாயைக் கழற்றினேன். உள்ளே ஒரு டம்ளர் தண்ணீர் இருந்தது. பட்டறையைத் தொலைபேசியில் அழைத்தபோது, 'நீங்கள் பொருத்திய விதத்தில்தான் வெல்டிங் விட்டிருக்கும் சார்' என்றார்கள். அழுத்தச் சோதனை செய்தீர்களா என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. விலைப்பட்டியலும் இல்லாமல் ரொக்கமாக வாங்கியது என் மடமை. எங்கள் ஊரில் ஒரு சைக்கிள் ட்யூபைக்கூடத் தொட்டியில் முக்கிக் குமிழ் பார்க்காமல் பஞ்சர் கடைக்காரர் திருப்பித் தருவதில்லை. 31,000 ரூபாய்ப் பெட்டிக்கு அந்த மரியாதையைக் கொடுக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. பிறகு அதே பஞ்சர் கடைத் தொட்டியில் நானே முக்கி, 2 பார் காற்றடித்துக் கசிவைக் கண்டுபிடித்தேன். உங்கள் பெட்டி எவ்வளவு பெரிய பெயருடன் வந்தாலும், காரில் ஏறுமுன் அந்தத் தொட்டியில் இறங்கட்டும்.

சுற்றில் என்ன ஊற்றுவது என்பதற்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காய்ச்சி வடித்த நீர், துருத்தடுப்புக்குக் கொஞ்சம் கூலன்ட். சரிபாதி கூலன்ட் கலந்தால் வெப்பத்தை வாங்கும் திறன் குறையும்; டிசம்பரில் ஊட்டியில் இரவெல்லாம் காரை வெளியே நிறுத்துகிறவரைத் தவிர நமக்கு உறைபனிப் பயம் இல்லை. இன்ஜினின் கூலன்டோடு இந்தச் சுற்றை இணைக்கவே வேண்டாம், அது 90 டிகிரியில் ஓடுவது.

'ஃபோக்ஸ்வாகனே 1.0 டிஎஸ்ஐ இன்ஜினில் தண்ணீரால்தான் குளிர்விக்கிறது, அப்படியானால் அதுதானே உயர்ந்தது' என்ற வாதம் நிச்சயம் வரும். உண்மைதான், 1989இல் வந்த லோட்டஸ் எஸ்ப்ரி டர்போ எஸ்.இ.யிலும், டொயோட்டா செலிகா ஜிடி-ஃபோர் எஸ்.டி.205லும்கூட அதே முறைதான். ஃபோக்ஸ்வாகன் அந்தப் பெட்டியை இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ளேயே புதைத்து, டர்போவுக்கும் வால்வுக்கும் இடையிலான காற்றுப் பாதையைக் குறுக்கிவிடுகிறது. மிதித்ததும் பூஸ்ட் விரைந்து வருகிறது. நாம் தனியாகப் பொருத்தும் அமைப்பில் அந்த ஆதாயத்தில் ஒரு பங்குதான் கிடைக்கும், எடையோ 20 கிலோ வரை கூடுகிறது, அதுவும் முன் சக்கரங்களின் மேல். நேர்மையாகச் சொன்னால், முகப்பில் பெரிய காற்று இன்டர்கூலர் வைக்க இடமிருக்கும் காருக்கு அதையே பரிந்துரைப்பேன். அதில் பம்ப் இல்லை, தண்ணீர்க் கசிவு இல்லை, பிழை செய்ய இடமும் குறைவு. குழாயைச் சுற்றிவளைத்துக் கொண்டுபோக வழியில்லாத கார், ஊர்ந்து ஊர்ந்து நின்று பிறகு திடீரென்று மிதிக்கும் ஓட்டம், இவற்றுக்குத்தான் தண்ணீர்.

சட்டத்தையும் மறைக்க விரும்பவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பும், நிறுவனத்தின் மூல விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதை அனுமதிப்பதில்லை. காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்லாமல் செய்த மாற்றம் இழப்பீட்டின்போது உங்கள் தலையில்தான் விழும். ஆகவே நான் இங்கே எழுதியதைச் செய்யுங்கள் என்ற அழைப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என் கார் இப்போது பெரும்பாலும் ஓடுதளத்துக்கு மட்டுமே போகிறது.

இரண்டாவது பெட்டி, பெரிய ரேடியேட்டர், இரண்டாவது பம்ப், ஹோஸ்கள், டிக் வெல்டிங் கூலி எல்லாம் சேர்த்து எனக்கு ஆனது 92,000 ரூபாய். முதல் முறையே வரிசையாகச் செய்திருந்தால் 55,000க்குள் முடிந்திருக்கும். உங்கள் காரின் மாடல், பூஸ்ட் அளவு, கண்டென்சருக்கு முன்னுள்ள இடம், மலையேற்றத்தில் எடுத்த வெப்பப் பதிவு ஆகிய நான்கையும் கருத்துப் பகுதியில் எழுதினால், முன்பக்க ரேடியேட்டரின் அளவைக் கணக்கிட்டுத் தருகிறேன். பதிவு இல்லாமல் 'எந்த பிராண்ட் பெட்டி நல்லது' என்று மட்டும் கேட்டால் பதில் எழுத மாட்டேன்.